மாலையில் பூக்க வேண்டிய பீர்க்கு

ஜூன் 27, வெள்ளி

காலை 10.14க்கு என் முதல் விளம்பரத்தைப் போட்டேன். 10.23க்குத் தூக்கிவிட்டார்கள்.

ஒன்பது நிமிடம் என்று கணக்குச் சொன்னவர் இவர், என் வீட்டுக்காரர். தனியார் பஸ் கம்பெனியில் டைம்கீப்பர். வயிற்றெரிச்சலோடு போன் செய்தால், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் நிமிடத்தைக் கழித்துப் பார்த்துச் சொல்கிற மனிதர். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

ஃபேஸ்புக்கில் 'திருச்சி மொட்டைமாடித் தோட்டம்' என்று ஒரு குழு இருக்கிறது. ஆறாயிரத்துச் சொச்சம் பேர். மாடியில் தக்காளியும் கத்தரியும் வளர்த்துப் படம் எடுத்துப் போடுகிறவர்கள். புத்தூரில் நான் நடத்தும் பசுங்கொடி விதைக்கடைக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர் வந்தால் பெரிது. அதிலும் இரண்டு பேர் பக்கத்துப் பல் டாக்டருக்கு வழி கேட்க வருகிறவர்கள். ஆறாயிரம் பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து விதை விதை என்று பேசிக்கொண்டிருக்கும்போது, விதை விற்கிறவள் அங்கே போய் நானும் இருக்கிறேன் என்று சொன்னால் என்ன குற்றம்? அட்மின் அருளப்பன் என்பவருக்கு அது குற்றம். 'விற்பனைப் பதிவு. நீக்கப்பட்டது' என்று எழுதியிருந்தார். ஒரு வணக்கம்கூட இல்லை.

நான் வேலை பார்த்த டிராக்டர் ஷோரூமை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பங்குனியில் போட்ட கடை இது. புரட்டாசி கடைசிக்குள் தன் காலில் நிற்காவிட்டால் மூடிவிட்டு, கரூரில் என் அண்ணனின் பெயிண்ட் கடையில் போய் உட்காருவதாகப் பேச்சு. அங்கே முதலாளி அண்ணன் இல்லை, அண்ணி. ஆகவே என் கடை நின்றே ஆக வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

என் மூளை வேலை செய்தது. இவருடைய ஃபேஸ்புக் கணக்கிலிருந்து குழுவில் ஒரு கேள்வி போட்டேன்: 'திருச்சியில் நல்ல நாட்டு விதை எங்கே கிடைக்கும் நண்பர்களே?' பிறகு என் கணக்கிலிருந்து நானே பதில் எழுதினேன்: 'புத்தூர் பசுங்கொடி விதைக்கடை. நான் அங்கேதான் வாங்குகிறேன். எல்லாமே முளைக்கிறது.' அது முழுப் பொய்யும் இல்லை. என் வீட்டு மாடிக்கு நான் வேறு எங்கே போய் வாங்குவேன்?

கால் மணி நேரத்தில் நாற்பது பேர் சிரித்துவிட்டார்கள். இவருடைய ப்ரொஃபைல் படம் கடை திறந்த அன்று எடுத்தது. கையில் கற்பூரத் தட்டோடு நான், பக்கத்தில் இவர், இருவர் தலைக்கும் மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 'பசுங்கொடி விதைக்கடை' என்று பலகை. அதை நான் யோசிக்கவே இல்லை. 'கடைக்காரரே கடைக்கு வழி கேட்கிறார், யாராவது கைபிடித்துக் கூட்டிப் போய் விடுங்கள்' என்று எழுதிவிட்டு, அருளப்பன் எங்கள் இருவரையும் ஒரு வாரம் வாய் திறக்க முடியாமல் பூட்டிவிட்டார்.

இவர் திட்டுவார் என்று நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்தப் புடவை உனக்கு நன்றாக இருக்கிறது என்றார்.

ஜூலை 7, திங்கள்

பூட்டுத் திறந்தது. அருளப்பனுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் எழுதாமல் போனே செய்துவிட்டார். ரயில்வே தபால் பிரிவில் முப்பத்தாறு வருடம் கடிதம் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவராம். குழுவின் வழக்கமும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கிறது.

ஆடி பிறப்பதற்கு முன்பே விதை வைத்திருப்பவர் இன்ன விதை தருகிறேன் என்று அறிவிக்க வேண்டும். வேண்டியவர்கள் தங்கள் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறையை அவருக்கு அனுப்புவார்கள். அவர் அதில் எட்டு விதை போட்டுத் தபாலில் சேர்க்க வேண்டும். விலை கிடையாது. செடி காய்த்து முற்றியதும், வாங்கியவர் எட்டுக்குப் பதினாறாக, இரண்டு பங்கு விதையைக் கொடுத்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கடைக்காரர்களும் கொடுக்கலாம். கொடுத்த கடைக்காரர் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு விற்பனைப் பதிவு போட்டுக்கொள்ளலாம்.

"குடுத்துட்டு விக்கிறவங்கள நாங்க தடுக்கிறதில்லம்மா. வித்துட்டு ஓடுறவங்களத்தான் தடுக்கிறோம்" என்றார்.

எனக்கு ஒரே எரிச்சல். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதைவிட மலிவான விளம்பரம் கிடையாது. உறை அவர்களுடையது, தபால்தலை அவர்களுடையது. பீர்க்கு கொடுப்பதாக அறிவித்துவிட்டேன். லால்குடிப் பக்கம் சின்னத்தம்பி என்று ஒரு விவசாயியிடம் இந்த வருடம் இரண்டு வகை வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று நாம் எல்லோரும் துவையல் அரைக்கிற, மேலே வரி வரியாக இருக்கும் நாட்டுப் பீர்க்கு. இன்னொன்று நுரைப் பீர்க்கு. அதற்கு வரி கிடையாது, வழவழவென்று இருக்கும், முற்றிக் காய்ந்தால் உள்ளே இருக்கும் நாரைக் குளிக்கும்போது உடம்பு தேய்க்க வைத்துக்கொள்வார்கள். நாட்டுப் பீர்க்குதான் கொடுக்கப் போகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

கடையைக் கழுவிவிட்டேன். பாட்டில் மூடிகளை எல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து மாட்டினேன். மூடியில் மார்க்கரால் எழுதிய பெயர் ஒன்றுகூட அழியவில்லை. பாட்டிலில் எழுது, மூடியில் எழுதாதே என்று இவர் பங்குனியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். மேலிருந்து பார்த்தால் மூடிதானே தெரியும்? விதை விற்பது நானா அவரா?

ஜூலை 20, ஞாயிறு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடி நான்காம் தேதி நூற்று முப்பத்தேழு உறை வந்து சேர்ந்திருக்கிறது.

மதியம் சாப்பிட்டுவிட்டு இருவரும் கடையில் உட்கார்ந்தோம். பாட்டிலை நான் எடுத்துக் கொடுத்தேன், இவர் எட்டு எட்டாக எண்ணிப் போட்டார், நான் ஒட்டினேன். பூச்சி வராமல் இருக்க சின்னத்தம்பி விதையைச் சாம்பலில் புரட்டித்தான் கொடுப்பார். இவர் கை, சட்டை, மூக்கு நுனி எல்லாம் சாம்பல். ஒவ்வோர் உறையிலும் முகவரியை வாய்விட்டுப் படித்து, அந்தத் தெரு வழியாக எந்தப் பஸ் போகும், எத்தனை மணிக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டே போட்டார். நூற்று முப்பத்தேழுக்கும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து எத்தனை வருடம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதையும் அவர் கணக்கு வைத்திருப்பார்.

ஓர் உறையோடு கடிதமும் இருந்தது. பாலக்கரையிலிருந்து சபுரா என்ற பெண். 'அக்கா, எனக்குச் செடி வளர்த்துப் பழக்கமில்லை. மாடியில் ஒரு பெயிண்ட் டப்பா வைக்கத்தான் இடம். என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். செப்டம்பர் 12 அன்று நாற்பது நாள் லீவில் வருகிறார். அவருக்குப் பீர்க்கங்காய்த் துவையல் என்றால் உயிர். அதற்குள் காய்க்குமா?' காய்க்கும் என்று அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்து அனுப்பினேன்.

மீதி விதையில் நான்கை எங்கள் மாடித் தொட்டியிலும் ஊன்றினேன்.

ஜூலை 29, செவ்வாய்

குழுவில் எங்கே பார்த்தாலும் முளை. 'பசுங்கொடி அக்கா கொடுத்த பீர்க்கு' என்று ஆளாளுக்குப் படம். உறையூரில் ஒருவர் அதற்குக் குடை பிடித்திருக்கிறார். சபுரா தினமும் ஒரு படம் போடுகிறாள். அதே பெயிண்ட் டப்பா, அதே செடி, ஒரு நாளைக்கு அரை விரல் உயரம் கூடுதல்.

கடைக்கு இன்று பத்தொன்பது பேர். பல் டாக்டருக்கு வழி கேட்டவர்களைச் சேர்க்காமல். வந்தவர்கள் விதையோடு செடிப்பை, மண்புழு உரம், பூவாளி என்று வாங்கிப் போகிறார்கள். கொடுத்துவிட்டு விற்பதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. அருளப்பனிடம் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக் கரையில் குழுவின் சந்திப்பு. ஆளுக்கொரு கலந்த சாதம். சபுரா தேங்காய்ச் சோறு கொண்டுவந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சிரித்தால் கண் காணாமல் போகிறது. "அக்கா, அவரு வீடியோ கால்ல மொதல்ல என்னையப் பாக்குறதில்ல, செடியத்தான் காட்டச் சொல்றாரு" என்று புகார் சொன்னாள்.

அருளப்பன் ஐந்தடிகூட இல்லை. குரலைக் கேட்டு மீசை வைத்த ஆறடி ஆள் என்று நினைத்திருந்தேன். என் புளியோதரையை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. இவரும் அவரும் அந்தக் காலத்துத் தபால் வண்டி நேரங்களைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கு இவர்கள் எல்லோரையும் பிடித்துவிட்டது. விளம்பரம் செய்ய வந்த இடத்தில் இது என்ன வம்பு.

ஆகஸ்ட் 14, வியாழன்

அண்ணி போன். கரூரில் எனக்கு ஒரு தனி நாற்காலி வாங்கிப் போட்டாயிற்றாம். வேறு யாரையாவது உட்காரவைக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒருவர் நுரைப் பீர்க்கு விதை கேட்டு வந்தார். சாம்பல் இல்லாமல் வேண்டும் என்றதால் பாட்டிலிலிருந்து ஒரு கை எடுத்துக் கழுவினேன். நுரைப் பீர்க்கு விதை வழவழவென்று இருக்கும். இது சொரசொரவென்று இருந்தது, நாட்டுப் பீர்க்கு மாதிரி. இந்த வருடம் விதை கொஞ்சம் அப்படி வந்திருக்கலாம். விதை இன்னும் வரவில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். கண்ணாடி பவர் மாற்ற வேண்டும். டாக்டரிடம் போக நேரமில்லை.

இன்று இருபத்தாறு பேர்.

ஆகஸ்ட் 28, வியாழன்

குழுவில் முதல் பீர்க்கம்பூ. உறையூர்க் குடைக்காரர் போட்டிருக்கிறார். 'காலை வணக்கம்' என்று எழுதி, வெயில் பட்டு விரிந்த பெரிய மஞ்சள் பூ, பக்கத்தில் காபித் தம்ளர். நேரம் 6.50.

பீர்க்கு காலையில் பூக்காது. சாயங்காலம்தான் பூக்கும். விதை விற்கிற எவருக்கும் தெரியும். காலையில் விரிவது நுரைப் பீர்க்கு.

நேற்றுச் சாயங்காலம் எடுத்த படத்தை இன்று போட்டிருப்பார். சிலருக்குச் சாயங்காலமும் காபி குடிக்கிற பழக்கம் உண்டு.

ஆகஸ்ட் 30, சனி

பதினான்கு பேர் பூப்படம் போட்டிருக்கிறார்கள். பதினான்கும் காலை வணக்கம். சபுரா பூவுக்குப் பக்கத்தில் தன் முகத்தையும் வைத்து எடுத்திருக்கிறாள். 'இன்னும் பதிமூன்று நாள்' என்று எழுதியிருக்கிறாள். லைக் போட்டேன். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பாளே.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலை ஆறரைக்கு எங்கள் மாடிக்குப் போனேன். கொடியில் நான்கு பூ, நான்கும் விரிந்திருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்குப் போனேன். நான்கும் மூடி வாடியிருந்தது. இனி காபித் தம்ளரைக் குறை சொல்லிப் பயனில்லை. நூற்று முப்பத்தேழு வீட்டு மாடியில் நான் உடம்பு தேய்க்கும் நாரைப் பயிர் செய்து வைத்திருக்கிறேன்.

இவரிடம் சொன்னேன். எண்ணிப் போட்டது நீங்கள்தானே, என்ன போடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். இவர் கையைத் துடைத்துக்கொண்டே, "இருக்கலாம் வசு. காலைல ஆறு மணிக்குப் போயி ராத்திரி எட்டு மணிக்கு வர்றவன். சாயங்காலம் பூக்கிற பூவ நான் எங்க பாத்தேன்?" என்றார்.

மனசு கேட்கவில்லை. ஆனாலும் எண்ணிப் போட்டது அவர்தான்.

செப்டம்பர் 1, திங்கள்

பீர்க்கு ஏன் காலையில் பூக்கிறது என்று குழுவில் ஒருவர் கேட்டுவிட்டார். கால் மணி நேரத்தில் அருளப்பன் நீளமாக ஒரு விளக்கம் எழுதினார். இந்த வருடம் ஆடியில் மழை தள்ளிப்போனதாம், மொட்டைமாடியில் சிமெண்டுச் சூடாம், அதனால் செடிக்கு நேரம் குழம்பிப் போயிற்றாம். நூற்றுப் பத்துப் பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

நானும் லைக் போட்டேன்.

இன்று முப்பத்தொரு பேர். கடை திறந்ததிலிருந்து இதுதான் அதிகம். வந்தவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் பைகளைப் பார்த்தே வியாபாரம் செய்தேன். இன்னும் பத்து நாளில் காய் வளரும். வளர்ந்தால் வரி இல்லாதது தெரிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு என்கிறார்கள். நூற்று முப்பத்தேழு பீர்க்கங்காயை எந்தச் சோற்றில் மறைப்பது?

சின்னத்தம்பி மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம். அவர் ஃபேஸ்புக்கில் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

கடையில் கூட்டமில்லாத நேரத்தில் இந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஜூலை 11. மூடிகளைக் கழுவி மாட்டியது. அதற்குக் கீழே இவரைக் கிண்டல் வேறு செய்து வைத்திருக்கிறேன்.

இரண்டு பாட்டிலையும் இறக்கி, இரண்டிலும் விதை எடுத்துக் கழுவிப் பார்த்தேன். சின்னத்தம்பி சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். இவரும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. ரசத்தில் கொஞ்சம் கூடுதலாக மிளகு தட்டிப் போட்டேன், அவருக்குப் பிடிக்கும் என்று.

செப்டம்பர் 4, வியாழன்

மின்கட்டணம் கட்ட இவருடைய போனை எடுத்தேன். ஃபேஸ்புக்கில் பாதி எழுதி, போடாமல் வைத்த ஒரு பதிவு இருந்தது.

'குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். ஜூலை 20 மதியம் 2.10 முதல் 5.40 வரை விதைகளை உறையில் போட்டது நான். தவறு என் கையால் நடந்தது. என் மனைவிக்கு இதில் தொடர்பில்லை. அவர் மிகவும் நேர்மையான'

அதோடு நின்றிருந்தது. ஒற்றை விரலால் தட்டுகிறவர். இவ்வளவு தட்ட எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. நான் சத்தம் போட்ட அன்றே ஆரம்பித்திருக்க வேண்டும். நேர்மையான என்ற சொல்லுக்குப் பிறகு என்ன எழுதுவது என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இப்படிப்பட்ட மனிதரை நான் என்ன சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதால் எனக்கு ஒரு விற்பனைப் பதிவு போடும் உரிமை உண்டு. அந்த உரிமையில் இதைப் போட்டேன்:

'நான் உங்களுக்குக் கொடுத்தது நாட்டுப் பீர்க்கு இல்லை. நுரைப் பீர்க்கு. மழையும் காரணமில்லை, சிமெண்டுச் சூடும் காரணமில்லை. பாட்டில் மூடிகளைக் கழுவும்போது மாற்றி மூடியது நான். முதல் பூவிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையே உறுதியாகத் தெரியும். கடைக்குக் கூட்டம் வந்துகொண்டிருந்ததால் சொல்லவில்லை. பிஞ்சாகப் பறித்தால் சமைக்கலாம். முற்றவிட்டால் நாராகும். சரியான விதை வேண்டியவர்கள் கடைக்கு வந்தால் தருகிறேன், தபாலில் என்றால் தபால்தலை என்னுடையது. மன்னித்துவிடுங்கள். வசுமதி.'

போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற இவரிடம் போனைக் கொடுத்தேன். படித்தார். ஜூலை 11ஐ நோட்டில் காட்டினேன். அதையும் படித்தார். சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். ஒன்பது நிமிடம் ஆயிற்று. அருளப்பன் நீக்கவில்லை.

இருபதாவது நிமிடம் போன் செய்தார். "நூத்திப் பத்துப் பேரு முன்னாடி சிமெண்டுச் சூடுன்னு எழுதி வச்சிருக்கேன். எம்பேரையும் சேத்துல்ல கெடுத்துட்டீங்க" என்றார். பிறகு, "பதிவு இருக்கட்டும். நான் என்னுதையும் அழிக்கப் போறதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செப்டம்பர் 6, சனி

எழுபது பதில். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்று பாதிப் பேர். சுரை போட்டால் அவரை முளைக்குமா என்பதற்குத் திருச்சியில் பதில் கிடைத்துவிட்டது என்று ஒருவர். 'மூடியைக்கூட ஒழுங்காக மூடத் தெரியாதவருக்கு எதற்குக் கடை?' என்று இன்னொருவர். இவர் அதற்கு மட்டும் பதில் எழுத உட்கார்ந்தார். ஒற்றை விரல் பாவம் என்று தடுத்துவிட்டேன். அந்த ஆள் கேட்டதில் தப்பில்லை.

சபுரா எதுவும் எழுதவில்லை. இரண்டு நாளாக அவள் படமும் வரவில்லை.

கடைக்கு ஏழு பேர்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காந்தி மார்க்கெட்டில் நல்ல இளசான நாட்டுப் பீர்க்கங்காயாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன். மூன்றாவது மாடி. சபுரா மொட்டைமாடிக்கே கூட்டிப்போனாள். பெயிண்ட் டப்பாவிலிருந்து கொடி துணிக்கொடி முழுக்க ஓடியிருந்தது. நான்கு பிஞ்சு. வரி இல்லை.

நான் பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"காய் மாறிப்போச்சுன்னு எனக்கு ஒண்ணும் வருத்தமில்லக்கா. பூ பூத்த அன்னைக்கி நான் போட்ட படத்துக்கு லைக் போட்டீங்களே. அப்பவே தெரியுமா?"

அப்போது சந்தேகம்தான் என்று சொல்லியிருக்கலாம். பதிவில் அப்படித்தான் எழுதியிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

"தெரியும்மா" என்றேன்.

அவள் கொடியைத் தடவினாள். பிறகு பையிலிருந்து ஒரே ஒரு காயை மட்டும் எடுத்து, தன் பிஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"என் மாடியில காய்ச்சதத்தான் அவருக்குக் குடுப்பேன். அது என்னவா இருந்தாலும். இத நீங்க கொண்டுபோங்க" என்றாள். கீழே இறங்கும்போது டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். குடித்தேன்.

இனி மூன்று நாளைக்கு எங்கள் வீட்டில் பீர்க்கங்காய்த் துவையல், கூட்டு, பஜ்ஜி.

செப்டம்பர் 14, ஞாயிறு

சபுரா படம் போட்டிருக்கிறாள். சட்டையில் இன்னும் மடிப்புக் கலையாத ஒருவர், சோற்றில் பச்சையாக ஒரு துவையலைப் பிசைந்துகொண்டு, வாய் நிறையச் சிரிக்கிறார். 'நுரைப் பீர்க்கங்காய்த் துவையல். அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. நானும் சொல்லவில்லை' என்று எழுதியிருக்கிறாள். கீழே என் பெயரைச் சேர்த்திருக்கிறாள்.

லைக் போட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இவருக்கு விடுமுறை. காலையில் காபியோடு மாடிக்குப் போனோம். பதினோரு பூ விரிந்திருந்தது. இவர் எண்ணிச் சொன்னதுதான். வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு நாளும் மாடிக்கு வந்ததில்லை, இது சாயங்காலம் பூக்கிற ஜாதியாக இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைகூட மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் பூத்து முடிந்திருக்கும், ஆகவே மூடியை மாற்றிப் போட்டதும் நல்லதற்குத்தான் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். என்னைச் சமாதானம் செய்யச் சொல்கிறார் என்று தெரியும். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது. இந்த மனிதர் இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன்.

அக்டோபர் 17, வெள்ளி

புரட்டாசி கடைசி. கெடு முடிந்தது.

செப்டம்பரில் ஏழாகக் குறைந்த கூட்டம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து. கடை தன் காலில் நிற்கிறதா என்று கேட்டால், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. காலையிலேயே கேட்டுவிடுவது என்று, கெடுவைப் பற்றி என்ன செய்யலாம் என்றேன்.

இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எந்தக் கெடு?" என்றார்.

பஸ் நேரத்தை ஒரு நிமிடம் மறக்காதவர். டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணிக்குப் போன் செய்து, நாற்காலி எனக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பத்து நாளாகத் தபால்காரர் தினமும் கடையில் வண்டியை நிறுத்துகிறார். விதை திரும்பி வருகிறது. வாங்கியதில் இரண்டு பங்கு, குழுவின் வழக்கப்படி. நான் கொடுத்தது தப்பான விதை, அதற்கு யார் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இதுவரை எண்பத்திரண்டு உறை. உறையூர்க் குடைக்காரருடைய பொட்டலத்தின் நான்கு பக்கத்திலும் பெரிய எழுத்தில் 'இது நுரைப் பீர்க்கு. சத்தியமாக' என்று எழுதியிருந்தது. மூடியைக்கூட ஒழுங்காக மூடத் தெரியாதவருக்கு எதற்குக் கடை என்று கேட்டவரும் பதினாறு விதை அனுப்பியிருக்கிறார், எண்ணி.

சபுரா ஒரு நாரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். இன்னொன்று, ஊருக்கு வந்துபோன ஒருவர் கையில் குவைத்துக்குப் போய்விட்டதாம். 'அவர் தினமும் என் மாடியில் விளைந்ததைத் தேய்த்துத்தான் குளிக்கிறார் அக்கா' என்று எழுதியிருக்கிறாள்.

உறைகளைப் பிரித்த பிறகுதான் பார்த்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டாக மடித்த இன்னோர் உறை. அவரவர் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டியது. தைப்பட்டத்துக்கு. எண்பத்திரண்டிலும் இருந்தது. தபால்தலை என்னுடையது என்று நான் சொல்லியும் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அருளப்பனுடைய உறையில் ஒரு துண்டுச் சீட்டு: 'நாட்டுப் பீர்க்கு, எட்டு விதை. மூடியைப் பார்க்காமல் எடுத்து அனுப்பவும். அன்று அந்தப் புளியோதரை நன்றாக இருந்தது.'

இவர் காலையிலிருந்து எல்லாப் பாட்டிலையும் துடைத்து, வயிற்றில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் உட்கார்ந்தோம். இந்த முறை விதையை முதலில் கழுவிச் சாம்பலைப் போக்கி, துணியில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் நான் விரலால் தடவிப் பார்த்துக் கொடுத்தேன். சொரசொரவென்று இருந்ததை மட்டும். இவர் எட்டு எட்டாக எண்ணி, எந்தத் தெருவுக்கு எந்தப் பஸ் போகும் என்று சொல்லிச் சொல்லிப் போட்டார்.